முந்தி உதறாத வீடு

"சாமி எப்பவும் நம்மளப் பாத்துக்கிட்டே இருக்குமாம்மா?" என்று பவித்ரா ஒரு நாள் கேட்டாள். அப்போது அவளுக்கு நாலு வயது. பால்வாடிக்குப் போகிற அவசரத்தில் சந்திரவல்லி அவளுக்குப் பாவாடை நாடாவை முடிந்துகொண்டிருந்தாள்.

"பாத்துக்கிட்டேதான் இருக்கும்."

"நாம துணி மாத்துறப்பவுமா?"

சந்திரவல்லிக்கு முடிச்சு கையிலேயே நின்றுவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப மட்டும் சாமி கண்ண மூடிக்கிரும்" என்றாள். பிள்ளைக்கு அந்தப் பதில் போதும் என்று தோன்றியது. சந்திரவல்லிக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது, இருபது வருசத்துக்கு.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாசம் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மலை மேலே பறித்து, ஸ்டோர் என்கிற உலர்கூடத்தில் சூடு காட்டி உலர்த்திய காய் சாக்குச் சாக்காக ஜீப்பில் இறங்கும். ஏலத்துக்குப் போகும் முன்னால் அதைப் பொறுக்கிப் பிரிக்க வேண்டும். உருண்டு திரண்ட பச்சைக்காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது, சொறி விழுந்தது, கருத்தது என்று தனித்தனி. அதற்கு மெசின் வந்துவிட்டது என்கிறார்கள். வந்தாலும் கடைசியில் ஒரு பொம்பளை கண்ணும் விரலும் பட்டால்தான் வியாபாரிக்குத் தூக்கம் வரும்.

சந்திரவல்லி வீட்டு முன்னறையில் நாலு பேர் உட்கார்ந்து காய் பொறுக்கினார்கள். அவள், வயதில் மூத்தவளான முனியாயி, வாய்த்துடுக்குக்காரி பொற்கொடி, கேரளத்துப் பூப்பாறைப் பக்கமிருந்து கட்டிக்கொடுத்து வந்த சூர்யகலா. சூர்யகலாவுக்குக் கைப்பிள்ளை. காய்க்குக் காத்து ஆகாது. உமி பறக்கும் என்று விசிறி போடமாட்டார்கள். வாசம் ஏறிக்கொண்டால் வெளுத்தாலும் போகாது. அதனால் வந்ததும் கதவைச் சாத்தி, கட்டி வந்த சேலையை மாற்றிப் பழசை உடுத்திக்கொள்வார்கள். பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் அங்கேதான். காய் இருக்கிற வீட்டில் கருவாட்டு வாடை ஆகாது என்பதால் மத்தியானத்துக்கு மொச்சைக் குழம்போ கீரையோ சந்திரவல்லியே பின்கட்டில் ஆக்கி எல்லோருக்கும் போடுவாள். இடையிடையே எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள். அப்படியும் சாயந்திரம் கூலிக்கு எடை போடும்போது அவள் காய்த்தட்டு யாருக்கும் குறைந்ததில்லை. கை வேகம் என்று அவளுக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

அதைவிடப் பெரிய பெருமை இன்னொன்று. ஊரில் பெரிய சரக்குக் கிட்டங்கிகளில் வேலை முடிந்து போகிற பெண்கள் வாசலில் நின்று முந்தியை உதறிக் காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். நாலு காய் முடிந்து வைத்திருக்கிறாளா என்று பார்க்க அங்கே ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். சந்திரவல்லி பத்து வருசம் அப்படி உதறியவள். ஒரு நாள் அவன், "இன்னொரு தடவ உதறு" என்றான். மறுநாள் அவள் போகவில்லை. தன் வீட்டு முன்னறையைக் கழுவிவிட்டு, காய் வாங்கிப் போட ஆள் தேடினாள். சுருளிவேல் முதலாளி சாக்கு அனுப்பச் சம்மதித்தார். அன்றைக்கு அவள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னது ஒன்றுதான்: இந்த வீட்டில் யாரும் முந்தி உதற வேண்டாம்.

சுருளிவேல் மேல் அவளுக்கு மரியாதை உண்டு. மலைக்கு ஜீப் ஓட்டும் கணவன் கன்னையனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது தன் காரிலேயே மதுரைக்குக் கூட்டிப் போனவர். போன ஆயுத பூசைக்கு அவரே வந்து ஒரு லட்சுமி படம் கொடுத்தார். சுற்றிலும் சின்ன விளக்குகள் ஓடும் படம். ஆணி அடித்து, வயரைச் செருகி, எரியவிட்டுக் காட்டினார். போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், தன் செல்லில் சிக்னல் இல்லை என்று வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டார். தண்ணீர் கேட்டால் கொடுப்பதுபோல் சந்திரவல்லி அதையும் கொடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு லட்சுமிக்கு முன்னால் அகல் ஏற்றி, படத்தின் சுவிட்சைப் போட்ட பிறகுதான் முதல் காயில் கை வைப்பார்கள். சாயந்திரம் எடை போட்ட பின் விளக்கை மலையேற்றி, சுவிட்சை அணைப்பார்கள். நடுவில் அணைக்க யாருக்கும் மனம் வராது.

கார்த்திகை அடைமழையில் ஒரு வாரம் போடிமெட்டுச் சரிவே கண்ணுக்குத் தெரியவில்லை. பவித்ரா உள்ளறையில் இருந்து வேலை பார்த்தாள். ஏதோ ஒரு வெளியூர்க் கம்பெனிக்கு, ஆஸ்பத்திரி நோயாளிகளின் விவரங்களைப் பதிகிற வேலை. வீட்டு நெட்டில் அந்நிய ஆள் நுழைந்தால் விவரம் வெளியே போய்விடும் என்று கம்பெனி கண்டிப்பு காட்டும். நெட்டு இழுத்து இழுத்து வந்ததால் அவள் வைஃபை பெட்டியின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். அம்மா செல், அப்பா செல், டி.வி., பொற்கொடி, சூர்யகலா என்று தெரிந்த பெயர்களுக்குக் கீழே, பெயரே இல்லாமல் வெறும் எண்ணும் எழுத்துமாக ஒன்று இருந்தது. நாலு நாள் கவனித்தாள். காலை ஒன்பதுக்கு வருகிறது. சாயந்திரம் ஐந்தரைக்குப் போய்விடுகிறது.

மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் அவள் முன்னறைக்கு வந்து விசயத்தைச் சொன்னாள். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துவிடலாம் என்றாள். டி.வி. வயரைப் பிடுங்கினார்கள். செல்களை அணைத்தார்கள். கன்னையன் செல் அவனோடு மலையில் இருந்தது. பட்டியலில் பவித்ராவின் லேப்டாப்பும், அந்தப் பெயரில்லாததும் மட்டும் மிஞ்சின.

"பேய் வந்து நெட்டுப் பாக்குதோ என்னமோ" என்றாள் பொற்கொடி. யாரும் சிரிக்கவில்லை.

எல்லோர் கண்ணும் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையில் போய் நின்றது. முனியாயியின் பை. திருப்பூரில் இருக்கும் மகன் செல் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று போன மாதம்தான் சொன்னாள். அவளும் ஒன்பதுக்கு வந்து ஐந்தரைக்குப் போகிறவள்தான். முனியாயி அப்போது பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவள் முந்தியில் கை துடைத்துக்கொண்டு உள்ளே வந்ததும் சந்திரவல்லி பொறுக்காமல் கேட்டுவிட்டாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லக்கா. கேட்டா குடுக்க மாட்டமா? பிள்ள சோலிக்கே உல வைக்கிற மாதிரி இப்பிடிச் சொல்லாமக் கொள்ளாம எடுத்தா, அதுக்கு என்ன பேரு?"

"எத எடுத்தேன்?" என்றாள் முனியாயி.

யாரோ நெட்டு என்றார்கள். முனியாயிக்கு அது விளங்கவில்லை. விளங்காத முகத்தைப் பார்க்கப் பார்க்கச் சந்திரவல்லிக்குக் கோபம்தான் கூடியது.

"நாளையிலருந்து பைய வெளியில மாட்டிட்டு உள்ள வாங்க."

முனியாயி உட்கார்ந்து தன் தட்டில் மிச்சமிருந்த காயைப் பொறுக்கி முடித்தாள். எடை போட்டாயிற்று. சேலை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு வாசல்படியில் போய் நின்றாள். திரும்பி, முந்தியை விரித்து நன்றாக உதறினாள். இன்னொரு தடவையும் உதறினாள். பிறகு மழையில் இறங்கிப் போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. ஒன்பது மணிக்கு அகல் ஏற்றி, சுவிட்சைப் போட்டு, மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிசம் இருக்கும். பவித்ரா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மா முன்னால் வைத்தாள். பெயரில்லாதது வந்திருந்தது.

சந்திரவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த வெடிப்புக்காயை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டாள்.

"எந்திரிச்சுப் போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க மதினி" என்றாள் பொற்கொடி மெதுவாக.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

பதினொரு மணிக்குப் பவித்ரா பாஸ்வேர்டை மாற்றினாள். இனி யாராக இருந்தாலும் வெளியேதான் என்றாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, சந்திரவல்லியின் செல் அடித்தது. சுருளிவேல் முதலாளி. காய் எவ்வளவு ஆயிற்று என்று விசாரித்துவிட்டு, "உங்க வீட்டுல நெட்டு போயிருச்சா?" என்று கேட்டார்.

"ஆமா மொதலாளி. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மழைக்கு லைன் போயிருக்கும் என்று நினைத்தேன், அந்தப் பக்கம் வந்தால் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். வெளியே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"நம்ம நெட்டு போனா அவருக்கு ஏன் வயித்த வலிக்குது?" என்றாள் பொற்கொடி.

பவித்ரா அறையைச் சுற்றிப் பார்த்தாள். "அவர் இந்த வீட்டுக்கு என்னென்ன குடுத்திருக்காரும்மா?"

சாக்கு. தராசு. சல்லடை. நாலு பேரும் லட்சுமியைப் பார்த்தார்கள். சுற்றிலும் பச்சையும் சிவப்புமாக விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. எழுந்து போக யாருக்கும் கால் வரவில்லை.

"சேச்சி, அகல் விளக்கு எரியுது" என்றாள் சூர்யகலா.

சந்திரவல்லி எழுந்தாள். லட்சுமிக்கு வைத்திருந்த செவ்வந்தியில் ஒன்றை எடுத்துத் திரியில் ஒற்றி விளக்கை மலையேற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு படத்தின் வயரைப் பிடுங்கினாள்.

பவித்ரா பழைய பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டு, வயரைச் செருகச் சொன்னாள். பெயரில்லாதது வந்தது. பிடுங்கச் சொன்னாள். போனது. இரண்டு தடவை பார்த்தார்கள். படத்தைக் கழற்றித் தரையில் கவிழ்த்தார்கள். அட்டையைப் பிரித்தால், லட்சுமியின் தலைக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் தாமரைக்குள் பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு கேமரா. அதன் கண் கடுகு அளவு.

சூர்யகலா பிள்ளையை அள்ளி மாரோடு அணைத்து, முந்தியால் தன்னையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். அப்படியே சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். ரெண்டு மாசம் என்று யாரோ சொன்னார்கள். சந்திரவல்லிக்கு இருபது வருசத்துக்கு முன்னால் தான் சொன்ன பதில் காதில் விழுந்தது. கண்ணை மூடிக்கொள்ளும் சாமி அது. இந்தக் கண்ணுக்கு இமை இல்லை.

சுருளிவேல் வந்தபோது வாசல் திறந்தே கிடந்தது. தோளில் துண்டோடு உள்ளே வந்தவர், தரையில் பிரித்துக் கிடந்த படத்தைப் பார்த்து நின்றார். வழக்கமாக அவருக்கு நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காத சந்திரவல்லி. காய் விக்கிற வெலையில யார நம்புறதுன்னு தெரியல. தட்ட மட்டுந்தான் பாத்தேன்."

"லட்சுமி படத்துக்குள்ள வச்சா?"

"அங்கதான நீங்க கை வைக்க மாட்டீங்க" என்றார் அவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். வேகமாகப் பேச்சை மாற்றினார். "சும்மா ஒன்னும் இல்ல. பாத்ததுல தெரிஞ்சுச்சு. நீ அடுப்பப் பாக்க எந்திரிச்சுப் போறப்பல்லாம் அந்த முனியாயி தன் தட்டுலருந்து ரெண்டு கை அள்ளி உன் தட்டுல போடுது. தெனமும். இதுக்கு என்ன அர்த்தம்? என்ன கள்ளத்தனம் நடக்குது இங்க?"

சந்திரவல்லி தன் தட்டைப் பார்த்தாள். கை வேகம் என்று இத்தனை நாள் நினைத்ததை நினைத்தாள். நேற்று அந்த வாசலில் உதறிய முந்தியை நினைத்தாள். எழுந்து நின்றாள்.

"உங்க காய் உங்க சாக்குக்கு வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு."

"ஒரு காய் கொறஞ்சுச்சா?"

"கொறையல. ஆனா யாரு பொறுக்குன காய்ன்னு கணக்கு மாறுதுல்ல."

"அது எங்களுக்குள்ள உள்ளது மொதலாளி. எங்க தட்டு, எங்க கை. அதுல உங்களுக்குச் சோலி இல்ல." அவள் குரல் உயரவில்லை. "எடுத்த காயி அஞ்சு சாக்கு இருக்கு. ஒரு சொறிக்காய் இல்லாமப் பொறுக்கிச் சுத்தமா அனுப்புறோம். அதோட சரி. இனி உங்க சாக்கு இந்தப் படி ஏற வேண்டாம்."

சுருளிவேலின் முகம் மாறியது. "சீசன் நேரம். நான் ஒரு வார்த்த சொன்னா இந்தத் தெருவுக்கே சாக்கு வராது. தெரியும்ல?"

"சொல்லுங்க. என்னத்துக்குன்னும் சேத்துச் சொல்லுங்க."

அவர் பவித்ரா பக்கம் திரும்பினார். படித்த பிள்ளை, எடுத்துச் சொல்லு என்றார். எடுத்ததையெல்லாம் இப்போதே அழித்துவிடுகிறேன் என்று செல்லை வெளியே எடுத்தார்.

"அழிக்காதீங்க" என்றாள் பவித்ரா. "ஸ்டேசன்ல வந்து காட்டிட்டு அழிங்க."

அவர் திரும்பி வாசல் வரைக்கும் போய்விட்டார். பொற்கொடி உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள்.

"மொதலாளி, துண்ட உதறிட்டுப் போங்க."

யாராவது சிரிப்பார்கள், தானும் சிரித்துவிட்டுப் போய்விடலாம் என்பதுபோல் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சூர்யகலாவும் தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்தாள். நாலு பெண்களும் காத்திருந்தார்கள். சுருளிவேல் துண்டை எடுத்தார். ஒரு தடவை உதறினார். தோளில் போடாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சாயந்திரம் ஜீப்பை விட்டுவிட்டு வந்த கன்னையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சீசன் முடியும் வரைக்குமாவது பொறுத்திருக்கலாமே, அந்த மனுசன் தன் உயிரைக் காப்பாற்றியவர் ஆச்சே என்றான். அந்த நன்றி இருக்கிறது, அவர் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பேன், ஆனால் அதற்கு விலையாக இந்த அறையைக் கொடுக்க முடியாது என்றாள் சந்திரவல்லி. கன்னையன் தாடையைத் தடவிக்கொண்டான். பிறகு, நாளைக்கு மகளிர் ஸ்டேசனுக்கு ஜீப்பிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றான்.

இருட்டுவதற்குள் அவள் முனியாயி வீட்டுக்குப் போனாள். முனியாயி அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், அரைப்பதை நிறுத்தவில்லை. சந்திரவல்லி வாசலிலேயே நின்றபடி, நான் சொன்னது தப்புக்கா என்றாள். கேமராவைப் பற்றிச் சொன்னாள். தட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லவிடாமல் ஏதோ தடுத்தது. சொன்னால் அது கூலிக் கணக்குப்போல் ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

முனியாயி கையைக் கழுவிவிட்டு, மஞ்சள் பையிலிருந்து செல்லை எடுத்து நீட்டினாள். பட்டன் வைத்த சின்ன செல். பேச மட்டும்தான் முடியும்.

"இதுலயா வரும் ஒன் நெட்டு?"

சந்திரவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. முனியாயி அவளை அழவிட்டாள். பிறகு, "கண்ணத் தொடைக்காத, கையில ஏலக்காத் தூசி இருக்கும், எரியும். காயி எத்தன சாக்கு மிச்சம் கெடக்கு?" என்று கேட்டாள்.

மறுநாள் நாலு பேரும் பவித்ராவும் மனுக் கொடுத்து ரசீது வாங்கி வந்தார்கள். கேமராவையும் அங்கேயே ஒப்படைத்தார்கள். அஞ்சு சாக்கையும் சொன்னபடி பொறுக்கி அனுப்பினார்கள். அதன் பிறகு பதினொரு நாள் முன்னறை காலியாகக் கிடந்தது. வழக்கமாக எட்டிப் பார்க்கும் வியாபாரிகள் தெருவைச் சுற்றிப் போனார்கள். பொற்கொடி நூறுநாள் வேலைக்குப் போனாள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் தேவாரம் ஊர்க்காரர் காசிமாயன் வந்தார். மலைச்சரிவில் கொஞ்சம் ஏலக்காடு வைத்திருக்கிறவர். மூன்று சாக்கு கொண்டுவந்திருந்தார்.

"சந்திரவல்லி வீட்டுக்குக் காய் போடாதீங்கன்னு சுருளிவேல் சொன்னாரு ஆத்தா. என்னத்துக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. அதான் ஊருக்குள்ள விசாரிச்சுட்டு வந்தேன்."

லட்சுமி மறுபடி ஆணியில் ஏறினாள். அவள் என்ன பாவம் செய்தாள் என்று சந்திரவல்லி வயரையும் விளக்குகளையும் தாமரையையும் அறுத்துப் போட்டுவிட்டு, வெறும் படத்தை மட்டும் மாட்டினாள். முன்னால் அகல் எரிந்தது. வைஃபை பெட்டியின் புதுப் பாஸ்வேர்டைப் பொற்கொடிக்கும் சூர்யகலாவுக்கும் பவித்ரா சொன்னாள். முனியாயிக்கும் சொன்னாள், முனியாயி, எனக்கெதுக்கு என்று சொல்லிக்கொண்டே காதில் வாங்கிக்கொண்டாள்.

மலையில் மேகம் இறங்கி வெளிச்சம் மங்கிய ஒரு பிற்பகல். முனியாயிக்கு அந்த நேரத்தில் கண் சரியாகத் தெரியாது. காயை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துப் பார்த்துப் போடுவாள். மூன்று மணிக்கு, "டீய நான் போடுறேன், நீ ஒக்காரு" என்று எழுந்து பின்கட்டுக்குப் போனாள். பொற்கொடி வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். சூர்யகலா பிள்ளைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கண் அயர்ந்திருந்தாள்.

சந்திரவல்லி தன் தட்டிலிருந்து உருண்டு திரண்ட பச்சைக்காயாக இரண்டு கை அள்ளினாள். சத்தம் வராமல் முனியாயியின் தட்டில் சரித்தாள். குவியல் தெரியாதபடி விரலால் பரத்திவிட்டாள். பிறகு குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

டீத் தம்ளர்களோடு வந்த முனியாயி உட்கார்ந்து, தட்டை மடியோரம் இழுத்துக்கொண்டாள். விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"காசிமாயன் காடு பரவாயில்ல. காயி நல்லாத் தெரண்டு வந்திருக்கு."

"ஆமாக்கா" என்றாள் சந்திரவல்லி.